அமெரிக்காவின் சிறிய குப்பை எரியுலைகளுக்கான காற்று மாசு விதிகள்

அமெரிக்காவில் நாளொன்றுக்கு 35 முதல் 250 டன் வரை நகரக் குப்பையை எரிக்கக்கூடிய உலைகள் சிறிய உலைகள் எனப்படுகின்றன. இந்த அளவு தனித்தனி உலைக்கு உரியது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1995இல் விதி வகுத்தபோது, பல உலைகள் இருக்கக்கூடிய ஆலையின் மொத்தத் திறனையே அளவுகோலாகக் கொண்டிருந்தது. தூய காற்றுச் சட்டத்தின் 129ஆம் பிரிவு தனித்தனி உலையைத்தான் குறிக்கிறது என்று 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிவிட்டதால், சிறிய உலைகளுக்கான விதிகள் 2000 டிசம்பர் 6 அன்று மீண்டும் வெளியாயின. ஆனாலும் மொத்தத் திறன் என்ற கணக்கு முற்றிலும் மறையவில்லை: ஆலையின் மொத்தத் திறன் 250 டன்னைத் தாண்டினால் அதிலுள்ள சிறிய உலைகள் முதல் வகுப்பையும், தாண்டாவிட்டால் இரண்டாம் வகுப்பையும் சேரும்.

1999 ஆகஸ்ட் 30க்குப் பின் கட்டுமானம் தொடங்கிய உலை புதியது. அதற்கு முந்தையது பழையது. நுண்துகள், கந்தக டையாக்சைடு, ஹைட்ரஜன் குளோரைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், கார்பன் மோனாக்சைடு, ஈயம், காட்மியம், பாதரசம், டையாக்சின்-ஃபியூரான் எனப்படும் கொடிய நச்சுச் சேர்மங்கள் ஆகியவற்றோடு புகையின் அடர்த்திக்கும் வரம்பு உண்டு. உலர்ந்த புகையில் ஒரு கன மீட்டருக்கு டையாக்சின்-ஃபியூரான் புதிய உலையில் 13 நானோகிராமையும், பழைய இரண்டாம் வகுப்பு உலையில் 125 நானோகிராமையும் தாண்டக் கூடாது. இவை மொத்த எடையைக் குறிப்பவை என்பதால், ஒவ்வொரு சேர்மத்தின் எடையையும் அதன் நச்சுத்திறனுக்கேற்பக் கணக்கிட்டுச் சொல்லப்படும் ஐரோப்பாவின் 0.1 நானோகிராமோடு நேராக ஒப்பிடுவது தவறு. அளவுகள் அனைத்தும் 7 சதவீத ஆக்சிஜனுக்குச் சரிசெய்யப்படுவதால், புகைபோக்கியில் வெறும் காற்றைக் கலந்து எண்ணைக் குறைத்துக் காட்ட இயலாது.

கார்பன் மோனாக்சைடு, கந்தக டையாக்சைடு போன்றவற்றைக் கருவிகள் இடைவிடாமல் அளக்கின்றன. டையாக்சின், உலோகங்கள், ஹைட்ரஜன் குளோரைடு ஆகியவற்றுக்குப் புகைபோக்கியில் மாதிரி எடுத்து ஆண்டுதோறும் சோதனை நடத்த வேண்டும்; இரண்டாம் வகுப்பு உலை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வரம்புக்குள் நின்றால் இந்தச் சோதனையை மூன்றாண்டுக்கு ஒருமுறை நடத்தினால் போதும். சோதனை நாளில் மட்டும் உலையைப் பதமாக ஓட்டிவிட்டு மற்ற நாட்களில் இஷ்டம்போல் எரித்தால் என்னாவது என்ற ஐயம் இங்கே நியாயமாகவே எழும்.

அதற்கான தடுப்பையே இந்த விதிகளின் மிகக் கூர்மையான பகுதியாகக் கருதுகிறேன். கடைசி டையாக்சின் சோதனையின்போது பதிவான உச்சச் சுமையில் 110 சதவீதத்துக்கு மேல் உலையை ஓட்டக் கூடாது. சுமை பெரும்பாலும் உற்பத்தியாகும் நீராவியின் அளவைக் கொண்டே கணிக்கப்படுகிறது. துகள் வடிகட்டிக்குள் நுழையும் புகையின் வெப்பமும் அந்தச் சோதனையில் கண்ட உச்சத்தைவிட 17 டிகிரி செல்சியசுக்கு மேல் கூடக் கூடாது. உலைக்குள் சிதைந்த டையாக்சின், புகை குளிரும் வழியில் ஏறத்தாழ 200 முதல் 400 டிகிரிக்குள் பறக்கும் சாம்பலின் மேல் மீண்டும் உருவாகும் என்பதால், வடிகட்டியின் வாயிலில் உள்ள வெப்பமானி புகைபோக்கிச் சோதனைக்கு நிகரான சாட்சியாகிறது. இரண்டு அளவுகளும் நான்கு மணிநேரச் சராசரியாகக் கணக்கிடப்படுகின்றன. பாதரசத்தையும் டையாக்சினையும் பிடிக்கக் கரித்தூள் செலுத்தும் ஆலைகள், சோதனையில் பயன்படுத்திய அளவுக்குக் குறையாமல் அதைத் தொடர்ந்து செலுத்த வேண்டும்.

ஆலையை இயக்கும் தலைமைப் பொறுப்பாளரும் பணிமுறை (ஷிப்ட்) மேற்பார்வையாளர்களும் தகுதிச் சான்று பெற்றவர்களாக இருக்க வேண்டும். புதிய உலை கட்டுவோர் இடத் தேர்வு ஆய்வையும், எரிக்குமுன் பொருட்களைப் பிரித்தெடுக்கும் திட்டத்தையும் பொதுக் கூட்டத்தில் முன்வைத்தாக வேண்டும். பதிவேடுகளை ஐந்தாண்டுகள் பாதுகாக்க வேண்டும். ஆண்டறிக்கை எல்லோருக்கும் உண்டு. வரம்பு மீறப்பட்டால், எந்த அரையாண்டில் மீறப்பட்டதோ அதற்கென மீறலின் காரணத்தையும் எடுத்த நடவடிக்கையையும் விளக்கும் தனி அறிக்கையையும் அனுப்ப வேண்டும்.