டிஸ்பெப்சியா: செரியாமையும் இரைப்பை மந்தமும்

‘டிஸ்பெப்சியா’ கிரேக்கச் சொல். ‘டிஸ்’ என்பது கேட்டைக் குறிக்கும். ‘பெப்சிஸ்’ என்பது செரிமானம், அதன் வினையடிக்குச் சமைத்தல், கனிதல் என்ற பொருள்களும் உண்டு. நாம் நாள்தோறும் சொல்லும் ‘அஜீரணம்’ வடமொழி வழி வந்தது. நேரான தமிழ்ச் சொல் ‘செரியாமை’. அதற்கும் முன்னே, ‘அருந்தியது அற்றது போற்றி உணின்’ என்னும் குறளில் செரித்தலை ‘அறுதல்’ என்ற வினை உணர்த்துகிறது. முன் உண்டது முற்றிலும் தீர்ந்துவிட்டதா என்று பார்த்து உண்ணச் சொல்லும் அந்த வினை, இன்றைய மருத்துவம் அளக்க முயல்வதற்கு வியக்கத்தக்க அளவு நெருங்கி வருகிறது.

ஏனெனில் மருத்துவர் ‘டிஸ்பெப்சியா’ என்று குறிப்பிடுவது மேல்வயிற்று வலி, எரிவு, சில கவளத்திலேயே வயிறு நிறைதல், உண்டபின் நெடுநேரம் கனத்தல் ஆகியவற்றை. உள்நோக்கிச் சோதனையில் (எண்டோஸ்கோபி) புண்ணோ கட்டியோ தென்படாமல் இவை மாதக்கணக்கில் நீடித்தால், அதைச் ‘செயல்சார் செரியாமை’ எனலாம். இவர்களில் பலருக்கு உணவைச் சிதைக்கும் அமிலமும் நொதியும் குறைவதில்லை. இரைப்பையின் மேற்பகுதி உணவுக்கு இடம் கொடுத்து விரியாததோ, உணவைக் குடலுக்குத் தள்ளுவதில் தாமதமோ, நரம்புகளின் மிகையுணர்வோதான் தொல்லை தருகிறது.

இவற்றுள் தாமதத்தை அளப்பதே மிகுதியாகச் செய்யப்படும் சோதனை. இரவு முழுதும் பட்டினி இருந்தவருக்கு, மிகச் சிறிதளவு டெக்னீசியம் என்னும் கதிரியக்கப் பொருள் கலந்து சமைத்த முட்டை வெள்ளைக்கருவை, இரண்டு ரொட்டித் துண்டு, ஜாம், தண்ணீர் ஆகியவற்றோடு கொடுத்து, உண்டவுடனும் 1, 2, 4 மணி நேரங்களிலும் காமா கேமராவில் படம் எடுப்பார்கள். நான்காம் மணியில் உணவின் 10 விழுக்காட்டுக்கு மேல் இரைப்பையில் தங்கியிருந்தால் அது தாமதம். செரிமானத்தை அன்றி வெளியேற்றத்தையே அளப்பதால், இதனைச் ‘செரிமானச் சோதனை’ என்பது பொருந்தாது. ‘இரைப்பை வெறுமையாதல் சோதனை’ என்பதே சரி.

வழியில் அடைப்பு ஏதுமின்றி இவ்வாறு தாமதம் நேர்வது ‘காஸ்ட்ரோபரேசிஸ்’. இதை ‘இரைப்பை வாதம்’ எனப் பெயர்த்தால் நோயாளி வீணாக அஞ்சுவார். ‘வயிறு மந்தமாக இருக்கிறது’ என்று மக்கள் சொல்வதிலிருந்து ‘இரைப்பை மந்தம்’ என்று அமைப்பதே என் பரிந்துரை. ‘மந்தம்’ வடசொல்லாயினும் மெதுவாதல் என்னும் கருத்தை அது துல்லியமாகத் தருகிறது.

சோதனை முடிவு இயல்பாக இருப்பதாலேயே ஒருவரின் துன்பத்தை மனப்பிரமை என்று ஒதுக்கிவிடக் கூடாது. விரியாத இரைப்பையையும் மிகையுணர்வு கொண்ட நரம்பையும் இந்தப் படங்கள் காட்டுவதில்லை.