வேலையை விட்டால் ஜெயிலா?

"மேடம், பையனை உள்ளே வச்சிடுவாங்களா?"

அந்த அப்பா பேச்சையே இப்படித்தான் ஆரம்பித்தார். மகன் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். பொறியியல் முடித்து, ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஒன்பது மாதம் வேலை பார்த்தவன். வேறு வேலை கிடைத்ததும் ராஜினாமா மெயில் அனுப்பியிருக்கிறான். மறுநாளே பதில் வந்துவிட்டது. மூன்று வருடம் வேலையை விட்டுப் போகமாட்டேன் என்று எழுதிக் கொடுத்த பாண்டை மீறியதற்கு மூன்று லட்சம் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் கிரிமினல் நடவடிக்கை. பத்தாம் வகுப்பிலிருந்து டிகிரி வரை அசல் சான்றிதழ்கள் எல்லாம் அவர்களிடம். வேலையில் சேர்ந்த அன்று முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். படித்துப் பார்க்க நேரம் தரவில்லை, நகலும் தரவில்லை.

தொழிலாளர் வழக்குகள் பார்க்கும் எனக்கு இது பழகிப்போன கதை. நர்ஸ், தனியார் பள்ளி ஆசிரியை, ஐடி பையன் என்று ஆள்தான் மாறும்.

அவருக்குச் சொன்ன பதிலையே இங்கேயும் சொல்கிறேன். வேலையை விடுவது குற்றமில்லை. சொன்ன காலத்துக்கு முன்னால் விலகினால் அது ஒப்பந்த மீறல், சிவில் விவகாரம். நிறுவனத்துக்கு நஷ்டம் என்றால் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டு நிரூபித்து வாங்கிக்கொள்ள வேண்டும். பணத்தையோ லேப்டாப்பையோ எடுத்துக்கொண்டு போனால் அது வேறு கதை. வெறுமனே விலகியதற்காகப் போலீஸ் பிடித்துப் போக முடியாது.

ஆனாலும் அந்த அப்பாவின் பயத்தை அறியாமை என்று என்னால் தள்ள முடியவில்லை. இதே சென்னையில் வேலையை விட்டவனை ஜெயிலில் போட்ட காலம் உண்மையாகவே இருந்தது. 1859ஆம் ஆண்டின் 13வது சட்டம் கல்கத்தா, மதராஸ், பம்பாய் நகரங்களின் முதலாளிகளுக்காகக் கொண்டுவரப்பட்டது. அப்புறம் மற்ற பகுதிகளுக்கும் நீட்டித்தார்கள். முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலைக்கு வராவிட்டால் முதலாளி மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுக்கலாம். பணத்தைத் திருப்பித் தரச் சொல்வதா, வேலையை முடித்துத் தரச் சொல்வதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை முதலாளிக்கு. தொழிலாளி அதற்குக் கீழ்ப்படியாவிட்டால் மூன்று மாதம் வரை கடுங்காவல். முதலாளி சம்பளம் தராமல் ஏமாற்றினால் அவருக்குச் சிறை உண்டா? அந்தச் சட்டத்தில் அதற்கு இடமே இல்லை. ஒப்பந்தம் இரண்டு பேருக்கும் பொது, தண்டனை மட்டும் ஒருவருக்கு. இந்தச் சட்டத்தை ரத்து செய்ய 1925 வரை ஆனது.

கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் மக்களுக்கு இதே பிடி 'துண்டு' என்ற பெயரில் வந்தது. ஆள் பிடித்துக் கூட்டிப்போகும் கங்காணி கொடுத்த முன்பணம், வழிச்செலவு எல்லாம் தொழிலாளியின் கணக்கில் கடனாக ஏறும். இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுதான் துண்டு. அது இல்லாமல் அடுத்த தோட்டத்தில் சேர முடியாது. சேர்த்துக்கொள்ளும் தோட்டம் பழைய கடனைக் கட்டும், அந்தக் கடன் புதுத் தோட்டத்துக் கணக்கில் ஏறிக்கொள்ளும். 1921இல் துண்டைத் தடை செய்தார்கள். வேலையிலிருந்து விடுவித்துவிட்டோம் என்று நிறுவனம் தரும் ரிலீவிங் லெட்டருக்காக ஹெச்.ஆர். வாசலில் காத்திருக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சீட்டு ஞாபகத்துக்கு வருகிறது. தோட்டத் தொழிலாளி பட்ட பாடும் ஐடி பையனின் கஷ்டமும் ஒன்றல்ல. ஆனால் ஒரு காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆளை நிறுத்தும் வித்தை ஒன்றுதான்.

சரி, அப்படியானால் பாண்டு செல்லவே செல்லாதா? அப்படிச் சொல்லி உங்களைத் தவறான தைரியத்தில் விட விரும்பவில்லை. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு பாண்டைச் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. மூன்று வருடத்துக்குள் விலகினால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்பது நிபந்தனை. விலகியவர் மூத்த மேலாளர். பொதுத்துறை வங்கி விளம்பரம் கொடுத்து, தேர்வு நடத்தி ஆள் எடுக்க ஆகும் செலவையும், அந்தப் பதவிக்கு இரண்டு லட்சம் மிகையல்ல என்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. மாதம் பதினைந்தாயிரம் சம்பளத்துக்கு மூன்று லட்சம் பாண்டு போடும் நிறுவனம் இந்தத் தீர்ப்பைக் காட்டி மிரட்டினால், இரண்டும் ஒன்றில்லை என்று தாராளமாகச் சொல்லலாம்.

1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74வது பிரிவு நமக்கு முக்கியம். பாண்டில் எழுதிய தொகை உச்சவரம்புதான். நியாயமான இழப்பீடு அதற்குள் எவ்வளவு என்று கோர்ட்தான் முடிவு செய்யும். என்ன பயிற்சி கொடுத்தீர்கள், எத்தனை நாள், எவ்வளவு செலவு என்ற கேள்விகளுக்கு நிறுவனம் பதில் சொல்ல வேண்டும். திரும்ப வந்து வேலை செய் என்று சாதாரணமாக எந்தக் கோர்ட்டும் உத்தரவிடாது. கையெழுத்துப் போடுவதைத் தவிர வழியில்லாத எளியவர்மேல் வலியவர் திணிக்கும் அநியாய நிபந்தனையை அமல்படுத்த மாட்டோம் என்று 1986இலேயே பிரஜோநாத் கங்குலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சான்றிதழ் விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். அது அந்தப் பிள்ளை படித்து வாங்கியது. அடகு நகை இல்லை. கல்விச் சான்றிதழ் விற்பனைப் பொருளல்ல, பாக்கிக்காகப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. அசலைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள், அசலோடு வீட்டுக்கு வாருங்கள். கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் என்னென்ன கொடுத்தீர்கள் என்று எழுதி ரசீது வாங்குங்கள்.

இதைவிட ஆபத்தானது வெற்றுக் காசோலை. தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்ட செக்கை 'சும்மா செக்யூரிட்டிக்கு' என்று கேட்பார்கள். நீங்கள் விலகிய பிறகு அதில் மூன்று லட்சம் என்று நிரப்பி வங்கியில் போட்டுத் திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் செக் திரும்பியதற்கான 138வது பிரிவில் வழக்கு வரும். அது கிரிமினல் வழக்கு, இரண்டு வருடம் வரை சிறைக்கு இடமுண்டு. வாதாடி ஜெயிக்க வழி இருக்கிறது, ஆனால் வாய்தா வாய்தாவாக அலைய வேண்டும். வேலையே போனாலும் சரி, அந்தச் செக்கைக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டு, இப்போது வக்கீல் நோட்டீஸ் வந்திருந்தால் அதை பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள். நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து 15 நாள் கெடு முக்கியம். அன்றைக்கே ஒரு வக்கீலைப் பாருங்கள்.

விலகும்போது சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். ராஜினாமாவை உங்கள் சொந்த மெயிலுக்கும் நகல் வைத்து அனுப்புங்கள், ஆபீஸ் மெயிலை அன்று மாலையே முடக்கிவிடுவார்கள். லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள்.

அந்தப் பையன் நல்லவேளையாகச் செக் எதுவும் கொடுக்கவில்லை. பயிற்சிச் செலவுக்கு விவரமும் பாண்டின் நகலும் சான்றிதழ்களும் கேட்டுப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினோம். ஐந்து வாரம் கழித்துச் சான்றிதழ்கள் கூரியரில் வந்தன, கடிதம் ஏதும் இல்லாமல். அப்பா என் மேஜையிலேயே உறையைப் பிரித்து, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை விரலால் தடவிப் பார்த்தார். பயிற்சிச் செலவு விவரம் இன்றுவரை வரவில்லை. ரிலீவிங் லெட்டருக்காக இரண்டாவது கடிதம் போட்டிருக்கிறோம்.