விசிலுக்கும் கைக்கும் நடுவே ஒரு நொடி

போன வாரம் ஒரு வாலிபால் போட்டி. ஸ்கோர் 24–23. முதல் நடுவராக ஸ்டாண்டின் மேல் நான். அடித்த பந்து, நெட்டருகே தடுக்கக் குதித்த பிளாக்கரின் விரல் நுனியை உரசிக்கொண்டு பின்னால் பறக்கிறது. பின்வரிசைப் பெண் துரத்தி ஓடுகிறாள், எடுத்தும் இருப்பாள். அதற்குள் இரண்டாம் நடுவர் "டச்" என்று விசிலை ஊதிவிட்டார். ரேலி அவ்வளவுதான். பாயிண்டை மறுபடி ஆடவைத்தோம். அந்த அணியின் கோச் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. இந்த சீசனில் இது மூன்றாவது முறை.

இரண்டாம் நடுவர் என்றால் கீழே நிற்கும் இன்னொரு விசில் என்றே பலரும் நினைக்கிறார்கள். இல்லவே இல்லை. அவர் தானாக ஊத வேண்டியவை உண்டு: நெட்டுக்குக் கீழே எதிரணிப் பக்கம் நுழைவது, பிளாக்கர் நெட்டைத் தொடுவது, தன் பக்க ஆன்டெனாவில் (நெட்டின் ஓரத்தில் நிற்கும் கம்பி) பந்து படுவது, சர்வீஸ் வாங்கும் அணியின் பொசிஷன் தவறு (இடம் மாறி நிற்பது), பின்வரிசை ஆட்டக்காரர் பிளாக் செய்வது. பிளாக்கில் பட்டு வெளியே போகும் பந்து அதில் இல்லை. ஓர் அணி நாலாவது முறை தொடும் நாலாவது டச்சும், ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு முறை தொடும் டபுளும்கூட இல்லை. அவற்றை விசிலில்லாமல் கையால் காட்டலாம், வற்புறுத்தக் கூடாது. விதி அவ்வளவுதான் சொல்கிறது.

இரண்டாம் நடுவர்களே, நாலாவது டச் என்றால் உடனே நெஞ்சருகே நாலு விரல். பிளாக் டச் என்றால் பந்து விழும்வரை பொறுங்கள். விழுந்ததும் நிமிர்த்திய விரல்களை மறு உள்ளங்கையால் உரசிக் காட்டுங்கள். முதல் நடுவர் பார்த்தும் ஏற்கவில்லையா? கையை இறக்கிவிடுங்கள். "அவர் காட்டினார், இவர் கண்டுகொள்ளவில்லை" என்று கேலரியில் கத்துவார்கள். கத்தட்டும்.

ஸ்டாண்டில் ஏறும் நண்பர்களே, உங்களுக்கும் இருக்கிறது. விசில், பார்வை, அப்புறம்தான் கை. கீழே ஒரு பார்வை, லைன் நடுவர்கள் பக்கம் ஒரு பார்வை, ஒரு நொடிதான் ஆகும். அவசரமாகத் தூக்கிய கையை மாற்றினால் சரியான முடிவைக்கூட யாரும் நம்ப மாட்டார்கள். லைன் நடுவர் மார்புக்கு முன் கைகளைக் குறுக்கே வைத்தால் "நான் பார்க்கவில்லை" என்கிறார். அது நேர்மை, அவரை முறைக்காதீர்கள்.

மறுபடி இரண்டாம் நடுவர்களுக்கு: ஊதியது நீங்களா? தவறு செய்த அணிப் பக்கம் நகர்ந்து நின்று முதலில் தவறைக் காட்ட வேண்டும், தேவையானால் ஆட்டக்காரரின் எண்ணையும். சர்வீஸ் யாருக்கு என்பது முதல் நடுவர் கை காட்டிய பிறகுதான். எதிரெதிரே நிற்பதால் அவருடைய இடது உங்களுடைய வலது. புதியவர்கள் முந்திக்கொண்டு காட்டி, இரண்டு பேர் கையும் ஆளுக்கொரு அணியை நோக்கி நீண்டு நிற்பதை எத்தனை முறை பார்த்துவிட்டேன்!

நடுவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஹெட்செட் இருந்தாலும் இதே வரிசைதான்.

தயவுசெய்து டாஸுக்கு முன் இரண்டு நிமிடம் பேசிக்கொள்ளுங்கள். "நீங்கள் காட்டியதைப் பார்த்துவிட்டால் தலையசைப்பேன், அசைக்காதவரை கையை இறக்காதீர்கள்" என்று நான் இப்போதெல்லாம் சொல்லிவிட்டுத்தான் ஏணியில் கால் வைக்கிறேன்.