டேனரி தண்ணீர்: ‘சுத்திகரித்தாச்சு’ என்றால் எந்த அளவுக்கு?

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கம் தோல் ஷாப், அதாவது தோல் பதனிடும் டேனரி நடத்துபவருக்கும், பக்கத்திலேயே கிணறு வைத்திருப்பவருக்கும் தெரிய வேண்டியது ஒரே சட்டம்தான். இருவரும் அதை எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து படிக்கிறார்கள், அவ்வளவுதான்.

1974-ஆம் ஆண்டின் தண்ணீர்ச் சட்டப்படி, தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை இல்லாமல் டேனரி நடத்த முடியாது. கட்டுவதற்கு ஒன்று, அப்புறம் இயக்குவதற்கு ஒன்று. இரண்டாவதைக் காலம் முடியும்போது புதுப்பிக்க வேண்டும். குறிப்பிட்ட ஆறுகளிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இந்த மாதிரித் தொழில் புதிதாக வரக்கூடாது என்று 1989-லேயே அரசாணை (எண் 213) போட்டாகிவிட்டது.

இசைவாணையில் சில எண்கள் இருக்கும். நீர்நிலையில் விடும் தண்ணீரில் லிட்டருக்கு, அழுகும் அழுக்கைக் காட்டும் பிஓடி 30 மில்லிகிராம், மொத்தக் குரோமியம் 2, கரைந்த உப்புகளைக் காட்டும் டிடிஎஸ் 2,100 என்ற அளவுகளைத் தாண்டக் கூடாது. கடைசி எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். நாற்றம், நிறம், குரோமியம் எல்லாம் வழக்கமான சுத்திகரிப்பில் பெரும்பாலும் அடங்கிவிடும். உப்பு அடங்காது. காற்றூட்டும் தொட்டியில் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும், உப்பைத் தொடாது. சுண்ணாம்பும் படிகாரமும் போட்டால் சேறு அடியில் தங்கும், உப்பு தண்ணீரோடே போகும். தெளிவாக, வாடையே இல்லாமல் ஓடுகிற தண்ணீர்கூட நிலத்தை உவராக்குவது இதனால்தான். குடிக்க வேறு தண்ணீரே இல்லாத இடத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் விட்டுக்கொடுக்கும் உச்சம் 2,000 என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இவ்வளவு உப்பு எங்கிருந்து வருகிறது? பச்சைத் தோல் அழுகாமல் இருக்க, உரித்த இடத்திலேயே உப்புத் தடவி அடுக்குகிறார்கள். கிலோ தோலுக்கு 300 முதல் 400 கிராம் வரை போகும். டேனரிக்கு வந்ததும் முதல் வேலை ஊறப்போடுவது. அந்த ஊறல் தண்ணீரில்தான் உப்பின் பெரும்பங்கு இறங்குகிறது. அப்புறம் முடி நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும், அதன்பின் தோலைப் பதனிடத் தயாராக்கும் பிக்கிளுக்கு மறுபடி உப்பும் கந்தக அமிலமும், பிறகு பதனிடக் குரோம். எல்லாம் சேர்த்துக் கிலோ தோலுக்கு 30, 40 லிட்டர் தண்ணீர் செலவாகும்.

அதனால் ஒரு டேனரி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கக் கழிவுநீர்க் குழாய்க்குப் போக வேண்டாம், தோல் வந்து இறங்கும் இடத்துக்குப் போனால் போதும். ஊறப்போடும் முன் தோலை ஓட்டைகள் உள்ள டிரம்மில் சுழற்றியோ, சாய்வான மரச்சட்டத்தில் தட்டியோ உப்பை உதிர்க்கிறார்களா? உதிர்ந்த உப்பு தண்ணீரையே பார்க்காது. ஆள்கூலியைத் தவிர இதற்குப் பெரிய செலவு கிடையாது. கோடிகளைக் கொட்டும் இயந்திரங்களைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது என் ஆதங்கம்.

ஊறல் தண்ணீரைத் தனி வாய்க்காலில் பிரித்து, பாத்திகளில் வெயிலில் காயவிட வேண்டும். குரோம் தண்ணீரும் தனி. மெக்னீசியம் ஆக்சைடு போட்டால் குரோமியம் அடியில் படியும். அதைக் கந்தக அமிலத்தில் கரைத்து மறுபடி டிரம்முக்கே அனுப்பலாம். வழக்கமான முறையில் போடுகிற குரோமில் 60–70 சதவீதம்தான் தோலில் பிடிக்கிறது. ஆக, மீட்பது சட்டத்துக்காக மட்டும் இல்லை, காசும் மிச்சம். தண்ணீர் சேர்க்காமலே குரோம் பதனிடும் முறையை அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியிருக்கிறது.

மீதிக் கழிவுநீர் பொது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். அங்கே வழக்கமான சுத்திகரிப்புக்குப் பின் ஆர்ஓ, ஆர்ஓவில் மிஞ்சும் உப்புத் தண்ணீருக்கு ஆவியாக்கி. மீண்ட நல்ல தண்ணீர் டேனரிகளுக்கே திரும்பும். இதுதான் ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’. தண்ணீர்க் கணக்கு பூஜ்ஜியம் சரி. கடைசியில் தங்கும் உப்பு பலவும் கலந்த அழுக்கு உப்பு, வாங்க ஆளில்லை. மூடாமல் வைத்தால் முதல் மழையில் நிலத்துக்கே திரும்பும்.

சேறும் அப்படித்தான். குரோமியம் உள்ள சேறு, 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரமான கழிவு, கசியாத குழியில்தான் அடைக்க வேண்டும். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

அரசு எவ்வளவு தரும்?

மத்திய அரசின் இந்தியக் காலணி, தோல் மேம்பாட்டுத் திட்டம் 2021-22 முதல் 2025-26 வரைக்கானது, மொத்தம் 1,700 கோடி ரூபாய். அதில் சுற்றுச்சூழலுக்கென்று 500 கோடி. பொது சுத்திகரிப்பு நிலையம் அமைக்கவோ மேம்படுத்தவோ ஆகும் செலவில் 70 சதவீதம், வடகிழக்கு மாநிலங்களில் 80 சதவீதம் கிடைக்கும், 200 கோடி உச்சவரம்புக்கு உட்பட்டு. இது தனி டேனரிக்கான பணம் இல்லை. தனி டேனரி தன் இயந்திரங்களைப் புதுப்பிக்க வேறொரு பிரிவு இருக்கிறது: சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கு 30 சதவீதம், மற்றவர்களுக்கு 20. திட்டத்தின் காலம் 2026 மார்ச் 31 வரை என்பதால், இனி விண்ணப்பிக்க நினைப்பவர்கள் தொழில், உள்நாட்டு வர்த்தக ஊக்குவிப்புத் துறையின் புதிய அறிவிப்பைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

மானியம் கட்டுமானத்துக்குத்தான். ஆவியாக்கி குடிக்கும் மின்சாரத்துக்கும் நீராவிக்கும் மாதாமாதம் டேனரிகள்தான் பணம் கட்ட வேண்டும்.

கிணறு கெட்டவருக்கு

1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான் ‘மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்’ என்பது இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன்படி அமைந்த இழப்பீட்டு ஆணையம் 2001-ல் 29,193 குடும்பங்களுக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. பிரித்துப் பார்த்தால் குடும்பத்துக்குப் பத்தாயிரத்தைக்கூடத் தொடாது. அதிலும் பாக்கி நின்று, 2025 ஜனவரி 30 தீர்ப்பில், 2001-லும் 2009-லும் தீர்மானித்த இழப்பீடு கிடைக்காதவர்களுக்கு அரசு ஆறு வாரத்தில் கொடுத்துவிட்டு டேனரிகளிடம் வசூலிக்கட்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒருமுறை இழப்பீடு கட்டியதோடு பொறுப்பு தீராது, சூழல் சீராகும்வரை தொடரும் என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

பட்டியலில் பெயர் இருந்து பணம் வராதவர்கள் கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். 2019-ல் மாவட்டம் பிரிந்ததை மறக்காதீர்கள்: வாணியம்பாடியும் ஆம்பூரும் திருப்பத்தூர், மேல்விஷாரம் ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு வேலூர்.

புதிதாகப் பாதிக்கப்பட்டவர் முதலில் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுத்தில் புகார் கொடுத்து, ரசீது வாங்க வேண்டும். தண்ணீர்ச் சட்டத்தின் 25(6) பிரிவுப்படி, இசைவாணை நிபந்தனைகளின் பதிவேட்டைப் பாதிக்கப்பட்ட எவரும் அலுவலக நேரத்தில் பார்க்கலாம். நீங்களே பாட்டிலில் பிடித்துச் சோதித்த தண்ணீர் புகாருக்கு உதவும். ஆனால் அந்தச் சட்டப்படி வழக்கு நிற்க வேண்டுமானால் 21-ஆம் பிரிவு சொல்கிற முறையில், வாரியமே எடுத்து முத்திரையிட்ட மாதிரிதான் செல்லும். அதனால் மாதிரி எடுக்கச் சொல்லிப் புகாரிலேயே கேட்டுவிடுங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. இழப்பீடு கேட்க, காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 5 ஆண்டு அவகாசம். கழிவை நிறுத்தச் சொல்லும் மனுவுக்கு 6 மாதம்தான். இரண்டுக்கும் தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் தருவார்கள். இழப்பீட்டு மனுவுக்குக் கேட்கும் தொகையில் 1 சதவீதம் கட்டணம், குறைந்தது 1,000 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை.