மறைந்திருப்பவனைப் பகடையால் சுடுவது எப்படி?

மினியேச்சர் வீரர்களை மேசையில் நிறுத்திப் பழைய போர்களை ஆடிப் பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போருக்கான விதிகளை வைத்து, பிரிட்டிஷ் இந்தியாவின் வடமேற்கு எல்லையில் மலைவாழ் பழங்குடிகளோடு 1897-இல் நடந்த போரை ஆடினால், பிரிட்டிஷ் படை ஒவ்வொரு முறையும் சுலபமாக ஜெயித்துவிடுகிறது. எங்கே தப்பு?"

தப்பு, சுடுவதற்கான கணக்கில் இருக்கிறது.

பகடையால் போரைக் கணிக்கும் வழக்கம் 1824-இல் பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட விதிகளால் பரவியது. இன்று பலரும் ஆடும் முறை எளிது: சுடும் பொம்மை ஒவ்வொன்றுக்கும் ஒரு பகடை, 5 அல்லது 6 விழுந்தால் எதிரியில் ஒருவர் காலி. நிகழ்தகவு மூன்றில் ஒன்று. ஆக, 12 பேர் சுட்டால் சராசரியாக 4 பேர் விழுவார்கள். எதிரே 100 பேர் நின்றாலும் 4, பத்தே பேர் நின்றாலும் 4.

திறந்த வெளியில் இரு தரப்பும் பார்த்துச் சுடும்போது இது சரி. முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்துப் பொறியாளர் லான்செஸ்டர் இதைத்தான் சமன்பாடாக்கினார். அவர் கணக்குப்படி படையின் வலிமை ஆள் எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். இரண்டு மடங்கு ஆள் என்றால் நான்கு மடங்கு வலிமை.

ஆனால் கைபர் கணவாய்க்குத் தெற்கே தீரா மலைகளில் அஃப்ரீதி, ஒரக்ஸாய் பழங்குடியினர் வரிசை கட்டி நிற்கவில்லை. பாறைக்குப் பின்னால் இருந்தார்கள். பள்ளத்தாக்கில் போகும் படை அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது. படைக்குத் தெரிந்ததோ மலைச்சரிவு மட்டும். இந்த ஏற்றத்தாழ்வை 1962-இல் அமெரிக்க ஆய்வாளர் டைச்மேன் கெரில்லாப் போருக்கான சமன்பாடாக எழுதினார். மறைந்திருப்பவர் குறி வைத்துச் சுடுகிறார். எதிர்த்தரப்பு அவர் இருக்கக்கூடிய பரப்பு முழுவதையும் சுடுகிறது. மாமரத்தில் கல்லெறிந்தவர்களுக்கு இது தெரியும்: காய் நிறைய இருக்கும்போது எந்தக் கல்லும் எதையாவது வீழ்த்தும், கடைசி இரண்டு காய்க்குக் கை வலித்துவிடும்.

இதை மேசைக்குக் கொண்டுவர எனக்கு மிகவும் பிடித்த வழி ஒன்று உண்டு. மலைச்சரிவை ஆறுக்கு ஆறாக 36 கட்டங்களாகப் பிரியுங்கள். பழங்குடி வீரர்களின் ஆட்டக்காரர் தன் ஆட்கள் எந்தெந்தக் கட்டத்தில், கட்டத்துக்கு ஒருவராக, இருக்கிறார்கள் என்று தாளில் ரகசியமாகக் குறித்துக்கொள்ளட்டும். பிரிட்டிஷ் பொம்மை சுட்டால் சிவப்புப் பகடை ஒன்று, வெள்ளைப் பகடை ஒன்று. சிவப்பு வரிசையைச் சொல்லும், வெள்ளை நிரலைச் சொல்லும். அந்தக் கட்டத்தில் ஆள் இருந்தால் விழுவார், இல்லையென்றால் தோட்டா பாறையில். அதே சுற்றில் ஒரு கட்டம் மறுபடி வந்தால் திரும்ப உருட்டவும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். மலையில் 12 பேர் இருக்க, கீழிருந்து 12 பேர் சுட்டால் சராசரி 4 பேர் விழுவார்கள். 6 பேர் இருந்தால் 2. 3 பேர்தான் என்றால் 1. மேலிருப்பவர்களோ பழைய விதிப்படி 5, 6 போட்டுப் பார்த்துச் சுடுகிறார்கள். 3 பேர் சுட்டால் கீழே சராசரியாக ஒருவர் விழுவார். அதாவது 12 பேர் 3 பேரோடு மோதியும் இழப்பு ஒன்றுக்கு ஒன்று! திறந்த வெளியில் அந்த 3 பேரும் ஒரே சுற்றில் முடிந்திருப்பார்கள். ஆள் குறையக் குறைய மறைந்திருப்பவரைத் தேடிப் பிடிப்பது கடினமாகிறது. டைச்மேனின் சமன்பாடு சொல்வதும் இதுவே.

அப்புறம் புகை. அஃப்ரீதிகளிடம் இருந்த மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கி கருமருந்தில் வேலை செய்தது. சுட்டதும் வெள்ளைப் புகை எழும். எனவே அந்தத் துப்பாக்கியால் சுடும்போது பகடையில் 1 விழுந்தால் சுட்டவர் எந்த வரிசையில் இருக்கிறார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். எதிரி இனி ஒரு பகடை உருட்டினால் போதும். சிக்கும் வாய்ப்பு 36-இல் ஒன்றிலிருந்து 6-இல் ஒன்றுக்குத் தாவுகிறது. புகையில்லா மருந்து கொண்ட பிரிட்டிஷ் துப்பாக்கியான லீ-மெட்ஃபோர்டு அஃப்ரீதி ஒருவர் கையில் கிடைத்தால் இந்த விதி அவருக்குப் பொருந்தாது. அப்படியொரு துப்பாக்கியைக் கைப்பற்றுவது ஏன் அவ்வளவு பெரிய வெற்றி என்பது ஆடும்போதே புரிந்துவிடும்.

1897 அக்டோபர் 20-இல் தர்கை குன்றில் நடந்ததை இந்த விதியோடு ஒப்பிடலாம். மறைவில்லாத ஒரு குறுகிய வெளியைத் தாண்டப் பார்த்த கூர்க்கா, டார்செட், டெர்பிஷயர் படைகள் அடுத்தடுத்துத் தடுமாறின. கடைசியில் கார்டன் ஹைலாண்டர்கள் என்ற ஸ்காட்லாந்துப் படையினர் பாய்ந்து பிடித்தார்கள். அன்று பிரிட்டிஷ் தரப்பில் ஏறத்தாழ 200 பேர் மாண்டோ காயமுற்றோ விழுந்தார்கள். இரண்டு நாள் முன்பு அதே குன்றைப் பிடித்துவிட்டுக் காலி செய்ததன் விலை இது.

காயம்பட்டவருக்கும் ஒரு விதி வேண்டும். எல்லைப்புறத்தில் அவரை விட்டுவிட்டுப் பின்வாங்க முடியாது. ஒரு காயத்துக்கு இரண்டு பொம்மைகள் தூக்கிச் செல்ல ஒதுங்கட்டும்; அவை சுடக் கூடாது. ஒரு தோட்டா மூன்று துப்பாக்கிகளை அணைத்துவிடும். அதே ஆண்டு நவம்பர் 9-இல் சரன் சர் மலையிலிருந்து இறங்கியபோது, காயம்பட்டவர்களோடு ஓடைப் பள்ளத்தில் பின்தங்கிய நார்த்தாம்ப்டன்ஷயர் வீரர்கள் சிலர் மொத்தமாக அழிந்தார்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சில பழைய விதிகளில் இனத்தைப் பார்த்து மனவுறுதிக்குப் புள்ளி கூட்டுகிறார்கள், குறைக்கிறார்கள். இது 'போர்வீர இனங்கள்' என்ற விக்டோரிய மூடநம்பிக்கையின் எச்சம். ராபர்ட்ஸ் பிரபு போன்ற தளபதிகள் அதை நம்பி மதராஸ் ராணுவத்துக்கு ஆள் எடுப்பதைக் குறைத்தார்கள். ஆனால் 1897 ஜூலை 26 இரவில் அதே எல்லைப்புறத்தில் மலகண்ட் என்ற இடத்தின் பிரிட்டிஷ் முகாம் தாக்கப்பட்டபோது நடு முகாமில் நின்று போரிட்டவர்களில் மதராஸ் சாப்பர்கள் என்ற ராணுவப் பொறியியல் படையின் 5-ஆம் கம்பெனியும் ஒன்று. அஃப்ரீதிகளில் பலர் பிரிட்டிஷ் இந்தியப் படையிலேயே பயிற்சி பெற்றவர்கள். அவர்களுக்குச் சுடும் புள்ளியைக் குறைப்பதும் அதே அபத்தம்.

புள்ளி கொடுப்பதானால் கண்ணால் பார்த்து அளக்கக்கூடிய நிலைமைக்குக் கொடுங்கள். தண்ணீர் இருக்கிறதா, தோட்டா எவ்வளவு மிச்சம், தலைவர் உயிரோடு இருக்கிறாரா, இரவில் தூங்கினார்களா. இந்த நான்கும் எல்லாப் படைக்கும் ஒரே அளவில் பொருந்தும்.