மப்பெட்: கண்ணுக்குள் இருக்கும் பாவை

மப்பெட் என்பதற்குத் தமிழில் என்ன என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் ‘பொம்மை’ என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். தப்பில்லை, ஆனால் போதாது. கடைத் தட்டில் தூசி படிந்து உட்கார்ந்திருப்பதும் பொம்மைதான், கொலுப்படியில் தொந்தியோடு இருக்கும் செட்டியாரும் பொம்மைதான். அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஆடிப் பேசும் மப்பெட் பாவைக் கூட்டத்தின் நாயகன் கெர்மிட் தவளையை அந்த வரிசையில் நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. 2015-இல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி ‘தி மப்பெட்ஸ்’ என்ற பெயரில் இந்தக் கூட்டத்தைத் திரும்ப அழைத்துவந்து, 16 பகுதிகளோடு மூட்டை கட்டி அனுப்பியதே, அதைப் பார்த்து வந்த எரிச்சலுக்கு என்ன பெயர் வைப்பது என்று யோசித்தபோதுதான் இந்தச் சொல்லைத் துருவ ஆரம்பித்தேன். அது கடைசியில் கொண்டுபோய் விட்ட இடம் திருக்குறள்.

முதலில் சொல் யாருடையது என்று பார்த்துவிடுவோம். மப்பெட் என்பது மக்கள் வாயில் தானாக முளைத்த சொல் கிடையாது. ஜிம் ஹென்சன் என்ற கலைஞர் தன் பாவைகளுக்கு 1950-களில் இட்ட பெயர் அது. 1955-இல் வாஷிங்டன் உள்ளூர் நிலையம் ஒன்றுக்காக ‘சாம் அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ என்ற குட்டி நிகழ்ச்சியைத் தொடங்கியபோது அவருக்கு வயது 18. கெர்மிட் பிறந்ததும் அப்போதுதான். அம்மாவின் பழைய கோட்டுத் துணி, கண்ணுக்கு இரண்டாக வெட்டிய ஒரு பிங்பாங் பந்து, அவ்வளவுதான் மூலதனம். அப்போது அவன் தவளைகூட இல்லை, பல்லி மாதிரி ஏதோ ஒன்று. தவளையானது பல வருடம் கழித்து.

மாரியோனெட், பப்பெட் (பாவை) என்ற இரண்டையும் ஒட்டவைத்ததுதான் மப்பெட் என்று ஒரு விளக்கம் எங்கே தேடினாலும் கிடைக்கும். ஹென்சனும் அப்படிச் சொல்லியிருக்கிறார். பின்னாளில் அவரே, அந்த ஒலி பிடித்திருந்தது, விளக்கமெல்லாம் அப்புறம் சேர்ந்தது என்ற மாதிரியும் சொல்லியிருக்கிறார். எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கிறது. மாரியோனெட் என்பது மேலேயிருந்து நூலில் ஆட்டும் பாவை, கெர்மிட் கூட்டமோ பெரும்பாலும் கீழேயிருந்து கையை நுழைத்து ஆட்டுவது. இதில் நூல் எங்கே வந்தது?

இன்னொன்று, துணியில் செய்த எந்தப் பாவையையும் மப்பெட் என்று சொல்லிவிட முடியாது, அது பதிவு செய்யப்பட்ட வணிகப் பெயர். 2004-இல் கெர்மிட், மிஸ் பிக்கி என்ற பன்றிப் பாவை முதலான கூட்டத்தை டிஸ்னி நிறுவனம் வாங்கியது. ‘செசமி ஸ்ட்ரீட்’ என்ற குழந்தைகள் நிகழ்ச்சியின் பாவைகள் அதில் சேர்த்தி இல்லை, அவை தனிச் சொத்து. ‘ஸ்டார் வார்ஸ்’ விண்வெளிப் படத்து யோடாவையும் சிலர் மப்பெட் என்பார்கள்; மிஸ் பிக்கியை ஆட்டிய ஃபிராங்க் ஆஸ்தான் யோடாவையும் ஆட்டினார் என்பதால் வந்த குழப்பம் அது.

சரி, ஒட்டவைத்ததாகச் சொல்லப்படும் இரண்டு சொற்களையும் பிரித்துப் பார்த்தால்தான் வேடிக்கை. மாரியோனெட் பிரெஞ்சுச் சொல், ‘குட்டி மரியா’ என்று பொருள். பப்பெட் என்பது பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனின் ‘பூப்பா’விலிருந்து வந்தது. பூப்பா என்றால் சிறுமி, பொம்மை என்று இரண்டு பொருளும் உண்டு. ஆக இரண்டு பக்கமும் ஒரு சின்னப் பெண்தான் நிற்கிறாள். அதே பூப்பாவிலிருந்து பிறந்த ‘பூப்பில்லா’ என்ற சொல்லுக்கு லத்தீனில் கண்ணின் கருமணி என்று பொருள். ஏன்? எதிரில் இருப்பவரின் கண்ணுக்குக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள், கருமணிக்குள் உங்கள் உருவம் விரல் நகத்தைவிடச் சிறிதாக, பொம்மை போலத் தெரியும். கிரேக்கத்தில் ‘கோரே’, வடமொழியில் ‘கனீனிகா’, இரண்டும் இதே கதைதான்: சிறுமியும் அதுவே, கருமணியும் அதுவே.

இப்போது நம் ‘பாவை’யை எடுத்துக்கொள்ளுங்கள். பொம்மை, பெண், கருமணி மூன்றும் அதில் உண்டு. “கருமணியிற் பாவாய்நீ போதாயாம் வீழும் திருநுதற்கு இல்லை இடம்” என்று குறளில் ஒருவன் தன் கண்ணுக்குள் இருக்கும் பாவையை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறான், காதலிக்கு இடம் வேண்டுமாம். யார் யாரிடம் கடன் வாங்கினார்கள் என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. காதலிப்பவர்கள் எந்த ஊரிலும் கண்ணுக்குக் கிட்டத்தில் போய்த்தான் பார்த்திருப்பார்கள், அதற்கு அகராதி தேவைப்பட்டிருக்காது. இது போக ஆற்றுமணலில் சிறுமிகள் செய்து விளையாடிய வண்டற்பாவை, கொல்லிமலையின் கொல்லிப்பாவை, மார்கழிப் பாவை நோன்பு, கோயிலில் விளக்கேந்தி நிற்கும் பாவைவிளக்கு என்று நீண்டுகொண்டே போகும்.

கண்ணையும் பாவையையும் நான் சும்மா முடிச்சுப் போடவில்லை. மப்பெட்டின் தொழில்நுட்பமே கருமணியில்தான் இருக்கிறது. 1960-களில் ஹென்சனோடு சேர்ந்து பாவைகளை உருவாக்கிய டான் சாலின், கண்கள் இரண்டுக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு ‘மாய முக்கோணம்’ இருப்பதாகச் சொல்வார். கருமணிகளை நேராக வைக்காமல் மயிரிழை உள்நோக்கி, லேசான மாறுகண் போல வைத்தால்தான் பாவை எதையோ பார்ப்பதாகத் தோன்றும். கெர்மிட்டின் கண் இமைக்காது, உருளாது. முகத்துக்குள் இருப்பது ஒரு மனிதக் கை, மேலே மெல்லிய துணி. கையை முஷ்டியாக மடக்கினால் முகம் மொத்தமும் சுருங்கி, புளித்த மோரைக் குடித்தவன் மாதிரி ஆகிவிடும். அந்தச் சுருங்கின முகத்தோடு அவன் கேமரா பக்கம் திரும்பி அரை நொடி நிற்பான். கண்ணில் எதுவுமே மாறவில்லை, ஆனால் நாம் சிரித்துவிட்டிருப்போம்.

இதை நம்பாமல் வீட்டில் செய்து பார்த்தேன். ஒற்றையாகிப் போன ஒரு சாக்ஸ், இரண்டு வெள்ளைப் பொத்தான், ஒரு மார்க்கர். பொத்தான் நடுவில் புள்ளி வைத்து, கையில் மாட்டி அக்கா மகளிடம் பேசவிட்டேன். நான்கு வயது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “மாமா, இது எங்கேயோ பாக்குது” என்றாள். புள்ளிகளை அழித்து, மூக்குப் பக்கமாக நெல்முனை அளவு தள்ளி வைத்தேன். அதே சாக்ஸ், அதே என் கட்டைக் குரல். இந்தத் தடவை அவள் என்னைப் பார்க்கவே இல்லை. சாக்ஸிடம் “நீ சாப்ட்டியா?” என்று கேட்டாள்.

இப்போது 2015-க்கு வருவோம். அதற்கு முந்தைய பொற்காலம் ‘தி மப்பெட் ஷோ’, 1976 முதல் 1981 வரை 120 பகுதிகள். அமெரிக்க நிறுவனங்கள் கைவிரித்த பிறகு லூ கிரேட் என்ற பிரிட்டிஷ் தயாரிப்பாளர் பணம் போட, இங்கிலாந்தின் எல்ஸ்ட்ரீ அரங்கில் எடுத்தார்கள். ஒரு பழைய நாடகக் கொட்டகை, மேடையில் நிகழ்ச்சி, திரைக்குப் பின்னால் கலவரம், நடுவில் மூச்சுவாங்க ஓடும் கெர்மிட், மாடத்தில் இரண்டு கிழவர்கள் நக்கல். ஹென்சன் 1990-இல் 53 வயதில் போய்ச் சேர்ந்த பிறகு பல முயற்சிகள் வந்தன. அவற்றில் நான் அதிகம் எதிர்பார்த்ததும் அதிகம் நொந்துபோனதும் இந்த ஏபிசி தொடரால்தான்.

செப்டம்பர் 22 அன்று தொடங்கியது. அதற்கு ஒன்றரை மாதம் முன்பே கெர்மிட்டும் பிக்கியும் பிரிந்துவிட்டார்கள் என்று சமூக ஊடகத்தில் ‘அறிக்கை’ விட்டு விளம்பரம் தேடிக்கொண்டார்கள். கதை இதுதான்: பிக்கி இரவு நேர அரட்டை நிகழ்ச்சி நடத்துகிறாள், கெர்மிட் அதன் தயாரிப்பாளர், அவனுக்கு டெனிஸ் என்று புதுக் காதலி, அவளும் பன்றிதான். அலுவலகத்தைப் படமெடுக்கும் போலி ஆவணப்பட பாணி, நடுநடுவே ஒவ்வொருவராக உட்கார்ந்து கேமராவிடம் புலம்பல். புலம்பல் என்றால் சாதாரணப் புலம்பல் இல்லை, நடுத்தர வயது, முறிந்த உறவு, வேலையில் சலிப்பு. கெர்மிட்டைப் பார்த்தால் மூன்று மாதமாக லீவு கிடைக்காத மேனேஜர் மாதிரி இருந்தான்.

பெரியவர்களுக்கான விஷயத்தைப் புகுத்திக் கெடுத்துவிட்டார்கள் என்று அப்போது ஒரு கூச்சல் எழுந்தது. அதில் எனக்கு உடன்பாடில்லை. ஹென்சன் ஒருநாளும் குழந்தைகளுக்கு மட்டும் என்று இதைச் செய்யவில்லை. ‘மப்பெட் ஷோ’வுக்கு 1975-இல் ஒளிபரப்பான முன்னோட்டப் பகுதியின் தலைப்பிலேயே செக்ஸும் வன்முறையும் இருந்தது, கிண்டலாகத்தான். என் குறை வேறு. அந்தத் தொடரின் பல காட்சிகளில் கெர்மிட்டை எடுத்துவிட்டு ஒரு மனித நடிகரை உட்காரவைத்தால் வசனத்தில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருக்காது. பாவை எதற்கு அப்புறம்?

விதிவிலக்கு இருந்தது, சொல்லாமல் விட்டால் பாவம். முதல் பகுதியில் ஃபோஸி கரடி தன் மனிதக் காதலியின் அப்பா அம்மாவைப் பார்க்கப் போவான். மாப்பிள்ளை கரடி என்பதுதான் அவர்களுக்குப் பிரச்சினை. அதை எந்த நடிகரை வைத்தும் எடுக்க முடியாது, கரடியே வேண்டும். பிக்கியின் உடையலங்காரத்தைக் கவனித்துக்கொள்ளும் அங்கிள் டெட்லியும் அப்படித்தான், பழைய நிகழ்ச்சியில் ஓரமாகக் கிடந்த பாத்திரம் இங்கே ஜொலித்தது. மற்ற நேரமெல்லாம் ஏதோ ஒரு அலுவலக நகைச்சுவைத் தொடருக்குப் பச்சைத் துணி போர்த்திய மாதிரிதான். பாதியில் தலைமை எழுத்தாளர் பொறுப்பைக் கைமாற்றினார்கள். பிப்ரவரி 2016-இல் திரும்பி வந்த பகுதியில் நிகழ்ச்சியைத் தூக்கி நிறுத்த ஒரு பிராண்ட் ஆலோசகர் வந்து இறங்குவதாகவே கதை வைத்தார்கள், தங்களையே கேலி செய்துகொண்ட அந்தப் பகுதி நன்றாகக்கூட இருந்தது. ஆனால் அதற்குள் பார்வையாளர்கள் எழுந்து போய்விட்டார்கள். மார்ச் 1 அன்று கடைசிப் பகுதி.

இந்த இடத்தில்தான் இன்னொரு குறள் வருகிறது. “நாண்அகத் தில்லார் இயக்கம் மரப்பாவை நாணால் உயிர்மருட்டி அற்று.” உள்ளே நாணம் இல்லாதவர் நடமாடுவது, மரப்பாவையைக் கயிற்றால் ஆட்டி உயிர் இருப்பதாக மயக்குவது போன்றது. நாண் என்றால் வெட்கம், நாண் என்றால் கயிறு, ஒரே சொல்லை இரண்டு தடவை வைத்து விளையாடியிருக்கிறார். எனக்கு அதில் அள்ளிக்கொள்ளத் தோன்றுவது ‘உயிர்மருட்டி’. பழைய தொடர்களைத் திரும்பக் கொண்டுவருவதை ஆங்கிலத்தில் ரிவைவல் என்கிறார்கள், மறுபடி உயிர் கொடுப்பது என்று அர்த்தம். நாம் ‘மீள்வருகை’ என்று எழுதுகிறோம், நல்ல சொல். ஆனால் உயிர் கொடுத்த மீள்வருகை ஒன்று, உயிர்மருட்டிய மீள்வருகை இன்னொன்று. என் எரிச்சலுக்குத் தேடிய பெயர் இதுதான்.

மப்பெட்டுக்கு இன்னொரு பொருளும் ஏறியிருக்கிறது. பிரிட்டனில் பேச்சுவழக்கில் ஒருவரை மப்பெட் என்றால் மடையன் என்று அர்த்தம். 2012-இல் ஒரு முதலீட்டு வங்கியிலிருந்து விலகியவர், அங்கே வாடிக்கையாளர்களை இப்படித்தான் அழைக்கிறார்கள் என்று எழுதி அது பெரிய செய்தியானது. தமிழிலும் ‘கைப்பாவை’க்கு இதே கதிதான். அரசியல் மேடையில் “அவர் கைப்பாவை” என்றால் யாருக்கும் கலை நினைவுக்கு வராது. அதனால்தான் மப்பெட்டுக்குக் கைப்பாவை என்று எழுதுவதை நான் தவிர்ப்பேன், அது சொல்லாக்க அளவில் சரியாகவே இருந்தாலும்.

அப்படியானால் எதை எழுதுவது? பெயராக வரும்போது மப்பெட் என்றே விட்டுவிடலாம், வணிகப் பெயரை மொழிபெயர்த்தால் யாரைச் சொல்கிறோம் என்று தெரியாமல் போகும். வகையைச் சொல்ல ‘பாவை’ போதும். நூல்பாவை, தோற்பாவை, கோல்பாவை என்று நம்மிடம் ஏற்கெனவே நுணுக்கமான பிரிவுகள் இருக்கின்றன. நம் ஊர்ப் பொம்மலாட்டமே நூலும் கம்பியும் சேர்ந்த கலப்புதான்; நான்கரை அடி உயரம், பத்து கிலோ கனம்வரை இருக்கும் மரப்பாவைகளை, நூல்களைத் தலையில் மாட்டிய இரும்பு வளையத்தில் கட்டி, கைகளைக் கம்பியால் இயக்கி ஆட்டுவார்கள். கெர்மிட்டின் கைகளும் கம்பியில்தான் ஆடுகின்றன, கீழேயிருந்து. உள்ளே கை நுழைத்து வாயைத் திறந்து மூடுவதுதான் இவனுடைய தனித்தன்மை என்பதால் ‘வாயசைப் பாவை’ என்று எழுதலாம் என்பது என் யோசனை. ஆட்டுபவருக்குப் ‘பாவையாட்டுநர்’. யாராவது இதைவிட நல்லதாகச் சொன்னால் மாற்றிக்கொள்கிறேன்.

அக்கா மகளுக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. சாக்ஸுக்கு ‘பச்சைமுத்து’ என்று பெயர் வைத்துவிட்டாள். அது நீல நிறம்.