போருக்குப் போகாத நாட்டில் ஒரு போர் வரி

1914 ஆகஸ்டில் ஐரோப்பா பற்றி எரியத் தொடங்கியபோது, சுவிட்சர்லாந்து சுமார் 2,20,000 ஆண்களை எல்லைக்கு அனுப்பியது. யாரோடும் மோதுவதற்கு அல்ல. நடுநிலை என்றால் ஒதுங்கி நின்றால் போதும் என்று தோன்றும். ஆனால் போரிடும் படைகள் தன் மண்ணில் நுழையாமல் பார்த்துக்கொள்வது நடுநிலை நாட்டின் கடமை என்கிறது 1907 ஹேக் உடன்படிக்கை. அதற்குக் காவல் வேண்டும். காவலுக்குச் சோறும் குதிரையும் துப்பாக்கியும் வேண்டும்.

சரி, பணம் எங்கிருந்து வந்தது? சிக்கல் அங்கேதான். 1848-இல் கூட்டாட்சி உருவானபோது சுங்க வரி மத்திய அரசுக்குப் போனது. வருமானத்துக்கும் சொத்துக்கும் வரி போடுவது கேன்டன்கள் எனப்படும் மாநிலங்களின் கையில் தங்கிவிட்டது. ஆகவே மத்திய அரசின் பிழைப்பே பெரும்பாலும் எல்லையைக் கடந்து வரும் சரக்கை நம்பித்தான். போர் வந்ததும் சரக்கு வரத்து சுருங்கியது. செலவை ஏற்றிய அதே போர் வரவையும் இறக்கியது. முதலில் கடன் வாங்கிச் சமாளித்தார்கள். ஆனால் கடனைத் திருப்பிக் கட்ட ஒரு வரவு வேண்டுமே.

வருமானம், சொத்து இரண்டின் மீதும் ஒரே ஒரு தடவை போர் வரி வாங்கலாம் என்று முடிவானது. அரசமைப்பில் அதற்கு இடமில்லை. அரசமைப்பைத் திருத்த வேண்டுமானால் அங்கே மக்களைக் கேட்டே ஆக வேண்டும். மொத்த வாக்குகளில் பெரும்பான்மை மட்டும் போதாது; கேன்டன்களிலும் பாதிக்கு மேல் சம்மதிக்க வேண்டும். அந்தக் கணக்கில் மலையோரச் சிறு கேன்டனான ஊரிக்கும் பெரிய சூரிக்குக்கும் ஒரே எடைதான். வரியைத் திரட்டும் வேலையைக் கேன்டன்களிடமே விட்டு, அதில் ஒரு பங்கையும் அவற்றுக்குக் கொடுத்தார்கள். தங்கள் வரி உரிமையைக் காத்துவந்தவர்களை இணங்க வைக்க இதுவும் உதவியிருக்கும் என்று நினைக்கிறேன்.

வாக்கெடுப்பு நடந்த நாள் 1915 ஜூன் 6. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் இத்தாலியும் போரில் இறங்கியிருந்தது. சுற்றிலும் இருந்த பெரிய நாடுகள் எல்லாமே இப்போது போரில். 94 விழுக்காட்டினர் 'சம்மதம்' என்றார்கள். ஒரு கேன்டன்கூட மறுக்கவில்லை. தன் பையிலிருந்து பணம் கொடுக்க ஒரு நாடே இப்படிக் கை தூக்கியதைப் படிக்கும்போது இன்றும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஆனால் கை தூக்கியவர்கள் ஆண்கள் மட்டுமே. கணவன் எல்லையில் நிற்க, வயலையும் வீட்டையும் தாங்கிய பெண்களுக்குத் தேசிய அளவில் வாக்குரிமை கிடைத்தது 1971-இல்.

அப்புறம், அந்த 'ஒரே ஒரு தடவை' நிலைக்கவில்லை. 1919-இல் மறுபடி வாக்கெடுப்பு, மறுபடி போர் வரி. இரண்டாம் உலகப் போரில் பாதுகாப்பு வரி என்ற பெயரில் திரும்பி வந்தது. அந்த முறை அரசு தன் நெருக்கடிக்கால அதிகாரத்தைக் கொண்டே விதித்தது, மக்களைக் கேட்கவில்லை. அதுதான் இன்றைய மத்திய நேரடி வரி. இன்றும் அதற்குக் கெடு உண்டு. 2018 மார்ச்சில் மக்கள் வாக்களித்து நீட்டித்தார்கள், 2035 முடிய.